ஸ்கிரீனரா, மணிகன்ட்ரோலா, பிஎஸ்இ தளமா: ஒரு பங்கை எங்கே துருவுவது?

டிவிஎஸ் மோட்டாரின் கடனை, கம்பெனிக் கணக்குகளைத் தொகுத்துக் காட்டும் ஸ்கிரீனர் தளத்தில் பார்த்துவிட்டு நண்பர் ஒருவர் பதறிப்போய் போன் செய்தார். "வண்டி விக்கிற கம்பெனிக்கு எதுக்குய்யா இத்தனை ஆயிரம் கோடி கடன்?" அவர் பார்த்தது கன்சாலிடேட்டட் கணக்கு. துணை நிறுவனமான டிவிஎஸ் கிரெடிட்டின் கடனும் அதில் சேர்ந்தே வரும். அது வண்டிக்கு லோன் கொடுக்கும் நிறுவனம். கடன் வாங்கித்தான் கடன் கொடுக்கும். அதே பக்கத்தில் ஸ்டாண்டலோன் கணக்குக்கு, அதாவது தாய் நிறுவனத்தின் தனிக் கணக்குக்கு மாறச் சொன்னேன். கடன் சட்டென்று சுருங்கியது, அவர் குரலும் இறங்கியது.

இருந்தாலும், முதலில் திறக்க வேண்டியது ஸ்கிரீனர்தான் என்பேன். காலாண்டு முடிவுகள், பத்து வருட லாப நட்டக் கணக்கு, பேலன்ஸ் ஷீட், கேஷ் ஃப்ளோ (நிஜமாக வந்து போன பணம்), புரமோட்டர் (கம்பெனியைக் கையில் வைத்திருக்கும் முதலாளி தரப்பு) கையில் எத்தனை சதவீதம் என்று எல்லாம் ஒரே பக்கத்தில் கிடக்கும். கீழே போனால் ஆண்டறிக்கை, கடன் ரேட்டிங் அறிக்கை, நிர்வாகம் முதலீட்டாளர்களோடு பேசும் கான்காலின் எழுத்து வடிவம். பெரும்பாலானவை இலவசம். 'பி/இ 15-க்குக் கீழே, ஆர்ஓசிஇ 20-க்கு மேலே' என்று நிபந்தனை எழுதினால் பட்டியலும் போட்டுத் தரும். பி/இ என்பது பங்கு விலை லாபத்தைப் போல எத்தனை மடங்கு என்பது; ஆர்ஓசிஇ, தொழிலில் போட்ட முதலுக்கு எத்தனை சதவீதம் சம்பாதிக்கிறது என்பது.

அந்தப் பட்டியலில்தான் நான் சூடு பட்டேன். பி/இ வெறும் 6 என்று ஒரு சின்ன கம்பெனி வந்தது. மலிவு என்று வாங்கிவிட்டேன். லாபக் கணக்கில் 'அதர் இன்கம்' (தொழிலைத் தாண்டி வரும் வருமானம்) வரிக்குப் பக்கத்தில் ஒரு கூட்டல் குறி இருக்கும். அதை அழுத்திப் பார்க்கும் வழக்கம் அப்போது எனக்கு இல்லை. பிறகு அழுத்தினேன். அந்த வருட லாபத்தில் பாதிக்கு மேல் நிலம் விற்ற பணம். அடுத்த வருடம் விற்க நிலம் இல்லை. லாபம் விழுந்தது, பங்கும் விழுந்தது. இப்போதெல்லாம் லாபத்தைப் பார்த்த கையோடு கேஷ் ஃப்ளோவையும் பார்க்கிறேன். வருடா வருடம் லாபம் காட்டியும் தொழிலிலிருந்து பணம் உள்ளே வராத கம்பெனி என்றால் அங்கேயே நிறுத்திவிடுவேன்.

டிக்கர்டேப், ட்ரெண்ட்லைன் இரண்டும் வேறு ரகம். இவை மதிப்பெண் போடும். ட்ரெண்ட்லைனில் டியூரபிலிட்டி (நிதி வலு), வேல்யூவேஷன் (விலை மலிவா), மொமென்டம் (விலைப் போக்கு) என்று மூன்று. ஒரே துறையில் நாலு கம்பெனியைச் சீக்கிரம் பக்கத்தில் வைத்துப் பார்க்க வசதிதான், கண்ணுக்கும் அழகு. ஆனால் மொமென்டம் என்பது விலை ஏறிய பிறகு ஏறும் மதிப்பெண். ஜாதகப் பொருத்தம் பத்துக்கு எட்டு என்பதற்காக யாரும் மாப்பிள்ளை வீட்டுப் பக்கம் விசாரிக்காமல் இருப்பதில்லை. இந்தத் தளங்களில் தோண்டித் தோண்டிப் பார்க்கப் போனால் பல இடங்களில் சந்தா கேட்டு நிற்கும்.

மணிகன்ட்ரோல் செய்திக்கு. ரிசல்ட் வரும் நாளில் வேகம் அதற்குத்தான். கெடுதல் என்னவென்றால், செய்தியை முதலில் படித்துவிட்டால் அப்புறம் பார்க்கும் எண்கள் எல்லாம் அந்தச் செய்திக்கு ஆமாம் போடுவது போலவே தெரியும். அதனால் நான் கடைசியில்தான் திறப்பேன்.

பிஎஸ்இ பங்குச் சந்தையின் தளத்துக்கு அழகு கிடையாது. தேடிப் பிடிப்பதும் சிரமம். ஆனால் மற்ற தளங்கள் காட்டுவதில் பெரும்பகுதி, கம்பெனிகள் இங்கேயும் இன்னொரு சந்தையான என்எஸ்இ-யிலும் தாக்கல் செய்வதுதான். கம்பெனி பெயரைப் போட்டு 'கார்ப்பரேட் அனவுன்ஸ்மென்ட்ஸ்' பகுதியில் ஒரு வருட அறிவிப்புகளை ஓட்டிப் பாருங்கள். ஆடிட்டர் பாதியில் விலகினார், சிஎஃப்ஓ (நிதித் தலைவர்) ராஜினாமா, ரேட்டிங் குறைப்பு... எந்த மதிப்பெண் அட்டையும் இதைக் கதையாகச் சொல்லாது. தாமதமும் ஒரு செய்திதான்: பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியின் விதிப்படி காலாண்டு முடிவை 45 நாளுக்குள், ஆண்டு முடிவை 60 நாளுக்குள், பங்குதாரர் விவரத்தை 21 நாளுக்குள் கொடுத்தாக வேண்டும். கெடு தாண்டுகிற கம்பெனியை நான் தொடுவதில்லை.

டெலிகிராம் டிப்ஸைப் போட்டியிலேயே சேர்க்கவில்லை. யாராவது பரிந்துரைத்தால் செபி பதிவு எண்ணைக் கேட்டு, செபி தளத்தில் சரிபாருங்கள். 'நிச்சய லாபம்' என்றால் எண்ணைக்கூடக் கேட்க வேண்டாம்.

ஆக, என் வரிசை: ஸ்கிரீனரில் பத்து நிமிடம், பிஎஸ்இ அறிவிப்புகளில் அரை மணி நேரம், பிறகு ஆண்டறிக்கையில் ஆடிட்டர் அறிக்கையும் ரிலேட்டட் பார்ட்டி (புரமோட்டர் தரப்போடு கம்பெனிக்கு உள்ள கொடுக்கல் வாங்கல்) பக்கமும். முந்நூறு பக்கத்தையும் நான் படிப்பதில்லை, பொய் சொல்வானேன்.

அந்த நண்பர் போன வாரம் மறுபடி கூப்பிட்டார். இந்த முறை வேறொரு கம்பெனி. "புரமோட்டர் குடும்பத்துக்குக் குடோன் வாடகை போகுதே, இது பெரிய தொகையா?" கம்பெனியின் அந்த வருட லாபத்தோடு வைத்துப் பார்த்தோம். நூற்றில் ஒரு பங்குகூட வரவில்லை. "சரி, போன வருஷம் எவ்வளவு கொடுத்தாங்கன்னு பார்த்துட்டு வரேன்" என்று வைத்துவிட்டார்.