520 ரிங்கிட் போனது: நேரலைச் சந்தா விற்கும் கைத்தொலைபேசிக் கடைகளைப் பற்றி ஓர் எச்சரிக்கை

இன்று 2025 ஏப்ரல் 17, வியாழக்கிழமை. கோபம் ஆறுவதற்குள் இதை எழுதி முடித்துவிட வேண்டும் என்றே உட்கார்ந்திருக்கிறேன். எங்கள் சுங்கை சிப்புட் பட்டணத்தில் ஒரு கைத்தொலைபேசிக் கடையில் 520 ரிங்கிட் கொடுத்து, வட அமெரிக்கப் பனி ஹாக்கி லீக்கின் ஆட்டங்களை நேரலையில் பார்ப்பதற்கான சந்தாவை வாங்கினேன். ஜூன் மாதம் அந்த லீக்கின் வாகையரைத் தீர்மானிக்கும் ஸ்டான்லி கிண்ண இறுதியாட்டம் முடியும்வரை தடையின்றி ஓடும் என்று சொல்லி விற்றார்கள். நான்கு ஆண்டுகளாகப் பிளேஆஃப் சுற்றை, அதாவது கிண்ணத்துக்கான இறுதிக்கட்டச் சுற்றை, காணாத என் அணி, அந்தச் சுற்றுக்குள் நுழைவதற்குப் போராடிக்கொண்டிருந்த இந்தக் கடைசி வாரத்தில் அந்தச் சந்தா முற்றாக நின்றுபோனது. பணமும் திரும்பவில்லை, படமும் வரவில்லை, கடைக்காரரிடமிருந்து ஒழுங்கான பதில்கூட வரவில்லை.

தோட்டத்துப் பட்டணத்தில் இருந்துகொண்டு பனி ஹாக்கி பார்ப்பானேன் என்று சிலர் கேட்கக்கூடும். ஹாக்கி எங்கள் தலைமுறைக்குப் புதிதன்று. 1975இல் கோலாலம்பூரில் நடந்த உலகக் கிண்ணப் போட்டியில் மலேசியா நான்காம் இடம் பிடித்த கதையைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டு வளர்ந்தோம்; ஈப்போவில் அஸ்லான் ஷா கிண்ணம் நடக்கும்போது பேருந்து ஏறிப் போய்ப் பார்த்தோம். அது திடல் ஹாக்கி. பனி ஹாக்கி எங்கள் வீட்டுக்குள் வந்தது என் மகள் திருமணமாகி மொன்ட்ரியல் நகரில் குடியேறிய பிறகுதான். பேரன் அங்கே பள்ளி விட்டதும் சறுக்குக் காலணியை மாட்டிக்கொண்டு ஆடப் போய்விடுகிறான். அவனுடைய அணி மொன்ட்ரியல் கனேடியன்ஸ். ஆகவே என்னுடைய அணியும் அதுவே. அவர்களுக்கு இரவு ஏழு மணி என்றால் இப்போது நமக்குக் காலை ஏழு மணி. முப்பத்தைந்து ஆண்டுகள் தோட்ட அலுவலகத்தில் கிராணியாக இருந்து, விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது ஆள்கணக்கெடுப்புக்கு, போய்ப் பழகிய எனக்கு அந்த நேரம் சிரமமே இல்லை. அவன் அங்கே சோபாவில், நான் இங்கே நாற்காலியில், நடுவில் புலனத்தில் (வாட்ஸ்அப்) அழைப்பு ஓடிக்கொண்டிருக்கும். பேரனோடு ஒன்றாக உட்கார்ந்து செய்வதற்கு எனக்குக் கிடைத்த ஒரே காரியம் இது. நான் எழுதுவது வெறும் பொழுதுபோக்கு போன கதை அன்று என்பதைப் படிப்பவர்கள் புரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

கடந்த பிப்ரவரி கடைசியில் சந்தா வாங்கினேன். நான்கு நாடுகளின் போட்டிக்காக லீக் நிறுத்தப்பட்டு, அதன் இறுதியாட்டத்தில் கனடா அமெரிக்காவைக் கூடுதல் நேரத்தில் 3-2 என்று வென்ற பிறகு, லீக் ஆட்டங்கள் மறுபடியும் தொடங்கிய சமயம் அது. என் வீட்டுத் தொலைக்காட்சியில் இருக்கும் அலைவரிசைகளில் இந்த லீக் வருவதில்லை. இணையத்தில் நேரடியாகச் சந்தா கட்டுவதற்கு என்னிடம் கடன் அட்டை இல்லை; எங்கள் தாமான் குடியிருப்பில் பாதிப் பேரிடம் இல்லை. அந்தக் கடையின் கண்ணாடியில் "எல்லா விளையாட்டும் நேரலை, கடன் அட்டை தேவையில்லை" என்று ஒட்டியிருந்தார்கள். நம்மைப் போன்றவர்களைக் குறிவைத்து எழுதிய வாசகம் அது என்று இப்போது தெரிகிறது.

கடையில் இருந்த இளைஞர் நம் பிள்ளைதான். "வாங்கண்ணே, உட்காருங்க," என்று நாற்காலியை இழுத்துப் போட்டார். எந்தத் தோட்டம் என்று கேட்டார். சொன்னதும், தம் தாத்தாவும் அதே தோட்டத்தில் பால் வெட்டியவர் என்றார். பிறகு தம் கைத்தொலைபேசியை எடுத்து, லீக்கின் செயலியைத் திறந்து, அன்றைய ஆட்டம் ஒன்றை என் கண்முன்னே ஓடவிட்டார். படம் கண்ணாடிபோல் தெளிவாக இருந்தது. "இது களவு ஒளிபரப்பு இல்லையே தம்பி?" என்று நேராகவே கேட்டேன். "சேச்சே, இது ஒரிஜினல் கணக்குண்ணே. உங்க பேர்லயே பதிவு பண்ணித் தர்றேன். ஏதாவது ஆச்சுன்னா கடை இங்கதானே இருக்கு, எங்க ஓடப் போறோம்?" என்றார். அந்தக் கடைசி வாக்கியத்தில்தான் என் சந்தேகம் அடங்கியது. முகம் தெரியாத இணைய விற்பனையாளரிடம் நான் சல்லிக்காசும் கொடுத்திருக்க மாட்டேன். இது நான் தினமும் கடந்துபோகும் கடை, நம் மொழி பேசும் பிள்ளை, தாத்தாவின் தோட்டத்தைச் சொல்லி உறவு கொண்டாடிய பிள்ளை.

பணம் கட்டுவதற்குக் கியூஆர் குறியீட்டை நீட்டினார். வருடியபோது திரையில் கடையின் பெயர் வரவில்லை, ஒரு பெண்ணின் பெயர் வந்தது. கேட்டதற்கு, "பாஸோட மனைவி கணக்குண்ணே, எல்லாரும் இதுலதான் கட்டுறாங்க," என்றார். 520 ரிங்கிட் போய்ச் சேர்ந்தது. கடை முத்திரை குத்திய ரசீதும் கொடுத்தார். அந்த ரசீதை இப்போது மேசைமேல் விரித்து வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். நீல மையில், அவசரக் கையெழுத்தில், "துணைக்கருவிகள், 520" என்று மட்டும் மலாயில் எழுதியிருக்கிறது. சந்தா என்ற பேச்சே அதில் இல்லை. காலாவதித் தேதியும் இல்லை. அடியில் சிறிய எழுத்தில், விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது என்று அச்சடித்திருக்கிறது.

மார்ச் மாதம் முழுவதும் பெரிய குறையில்லாமல் ஓடியது. இந்தப் பருவத்தில் கனேடியன்ஸ் தேறாது என்று பலரும் கைவிட்டிருந்த நிலையில், அணி எழுந்து வந்தது. 82 ஆட்டங்கள் கொண்ட நீண்ட பருவம் அது. 32 அணிகளில் 16 மட்டுமே பிளேஆஃப் போகும். வெற்றிக்கு இரண்டு புள்ளி, கூடுதல் நேரத்திலோ அதற்கடுத்த ஷூட் அவுட்டிலோ தோற்றால் ஒரு புள்ளி. பிளேஆஃபின் கடைசி இடத்துக்குக் கொலம்பஸ் அணி பின்னாலேயே துரத்தி வர, கனேடியன்ஸ் தொடர்ந்து ஆறு ஆட்டங்களை வென்றது. அந்த வெற்றித் தொடருக்கு நடுவிலேயே திரை அடிக்கடி உறைய ஆரம்பித்தது. கணக்கு விவரத்தைத் திறந்து பார்த்தபோதுதான் என் வயிறு கலங்கியது. அதில் என் பெயர் இல்லை. யாரோ ஒருவருடைய மின்னஞ்சலின் முதல் இரண்டு எழுத்துகளும் அதன்பின் வரிசையாக நட்சத்திரக் குறிகளும் இருந்தன. பக்கம் முழுவதும் பிரெஞ்சு மொழியில் இருந்தது. "உங்க பேர்லயே பதிவு" என்று சொன்ன கணக்கு, முகமறியாத யாரோ ஒருவருடையது.

ஏப்ரல் 12 சனிக்கிழமை காலை, ஒட்டாவாவுக்கு எதிரான ஆட்டத்தின்போது, கடவுச்சொல் தவறு என்று காட்டி வெளியே தள்ளியது. அதோடு சரி. அன்றிலிருந்து எனக்குக் கிடைத்த பதில்களை அப்படியே எழுதுகிறேன், ஏனென்றால் இதே பதில்கள் உங்களுக்கும் வரும். முதலில், "சர்வர் அப்டேட் நடக்குதுண்ணே, ஒரு மணி நேரத்துல வந்துரும்." வரவில்லை. அடுத்து, தொலைக்காட்சியை அணைத்துப் போடுங்கள் என்றார்கள். பிறகு என் வீட்டு இணையம் மெதுவாக இருக்கிறது என்றார்கள். அதே இணையத்தில் நான் அவர்களோடு காணொளியில் பேசிக்கொண்டிருக்கும்போதே இதைச் சொன்னார்கள். அதன்பின் என் செய்திகளுக்கு நீலக் குறி மட்டும் விழுந்தது, பதில் விழவில்லை. ஞாயிறு காலை டொரொண்டோவிடம் கூடுதல் நேரத்தில் தோற்ற ஆட்டம் போனது. திங்கள் சித்திரைப் புத்தாண்டு, கடை அடைப்பு. செவ்வாய் காலை சிகாகோ ஆட்டம். அன்றுதான் இவான் டெமிடோவ் என்ற 19 வயது ரஷ்யப் பையன், மொன்ட்ரியல் ரசிகர்கள் ஓராண்டாக வழிமேல் விழிவைத்துக் காத்திருந்த பையன், முதன்முதலாகக் களம் இறங்கினான். முதல் ஆட்டத்திலேயே ஒரு கோல் போட்டான், இன்னொன்றுக்கு வழி அமைத்துக் கொடுத்தான். என் பேரன் அலறிய அலறல் மட்டும் தொலைபேசியில் கேட்டது. அணி ஷூட் அவுட்டில் தோற்று ஒரு புள்ளியோடு வந்தது.

அன்று முற்பகலே கடைக்குப் போனேன். "அண்ணே" என்று நாற்காலி போட்ட இளைஞர் உள்ளே இருந்துகொண்டே வெளியே வரவில்லை. திரைச்சீலைக்குக் கீழே அவருடைய காலணி தெரிந்தது. வேறொரு பையனை அனுப்பினார்கள். பாஸ் ஈப்போ போய்விட்டார், திங்கட்கிழமை வாருங்கள் என்றான். திங்கட்கிழமைக்குள் பருவமே முடிந்துவிடும் என்றேன். ரசீதை வாங்கிப் பார்த்துவிட்டு, "இதுல சந்தான்னு எதுவும் போடலையே ஐயா, துணைக்கருவின்னுதானே இருக்கு," என்றான். பணத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்றேன். வேண்டுமானால் புதுக் கணக்கு ஒன்று தருகிறோம், 180 ரிங்கிட் மட்டும் கூடுதலாகக் கட்டுங்கள் என்றான். 520 ரிங்கிட்டை விழுங்கிவிட்டு, மேலும் 180 கேட்கிறார்கள்! நான் நின்றுகொண்டிருந்தபோதே செம்பனைத் தோட்டத்தில் டிராக்டர் ஓட்டும் ஓர் இளைஞர் உள்ளே வந்தார். அவர் அதே இடத்தில் இங்கிலாந்துக் காற்பந்துக்காகச் சந்தா வாங்கியவர். அவருக்கும் அதே கதை, அதே பெண்ணின் வங்கிக் கணக்கு.

வெளியே நின்று இருவரும் பேசியபோது வித்தை விளங்கியது. ஒரே கணக்கைப் பலருக்கு விற்கிறார்கள். இத்தகைய சேவைகளில் ஒரே சமயத்தில் இத்தனை கருவிகளில்தான் பார்க்கலாம் என்ற வரம்பு இருக்கும். சாதாரண ஆட்டம் என்றால் வாங்கியவர்களில் ஒருசிலரே பார்ப்பார்கள், சிக்கல் தெரியாது. முக்கியமான ஆட்டம் வந்ததும் எல்லாரும் ஒரே நேரத்தில் உள்ளே நுழைவார்கள், வரம்பு மீறும், கணக்கின் உண்மையான உடைமையாளருக்குத் தகவல் போகும், அவர் கடவுச்சொல்லை மாற்றிவிடுவார். ஆகவே நீங்கள் எந்த ஆட்டத்துக்காகப் பணம் கட்டினீர்களோ அந்த ஆட்டத்தின்போதுதான் இது கைவிடும். அதுவரை ஒழுங்காக ஓடுவதால் பக்கத்து வீட்டுக்காரருக்கும் நாமே சிபாரிசு செய்துவிடுகிறோம். இப்படித்தான் இவர்களுக்கு வாடிக்கை பெருகுகிறது.

இன்று காலை பருவத்தின் கடைசி ஆட்டம். எதிரணி கரோலைனா. என் மகள் தன் கைத்தொலைபேசியைத் தொலைக்காட்சிக்கு நேராகப் பிடித்துக் காட்டினாள். வெள்ளைப் பரப்பில் சிவப்புப் புள்ளிகள் ஓடுவது தெரிந்ததே தவிர, பந்துக்குப் பதிலாக அடித்து ஆடும் வட்டுத் துண்டான பக் எங்கே இருக்கிறது என்று ஒரு தடவைகூடத் தெரியவில்லை. பேரன்தான், "தாத்தா, இப்ப சுசுகிகிட்ட இருக்கு, இப்ப ஹட்சன்கிட்ட," என்று சொல்லிக்கொண்டே வந்தான். பிள்ளைக்குத் தொண்டை கட்டிவிட்டது. 4-2 என்று வென்று, 91 புள்ளிகளோடு கனேடியன்ஸ் பிளேஆஃப் போய்விட்டது. 2021இல் இறுதியாட்டம்வரை போய்த் தோற்ற பிறகு இதுவே முதல் தடவை. 24 முறை கிண்ணம் வென்ற அணி, 1993க்குப் பிறகு கிண்ணத்தைத் தொடவில்லை. இந்த நுழைவுக்கு அங்கே என்ன மதிப்பு என்பதை நினைத்துப் பாருங்கள். அந்தக் காலைப்பொழுதை என்னிடமிருந்து பறித்தவர்கள் மீது எனக்கு இருக்கும் ஆத்திரம் 520 ரிங்கிட்டோடு நிற்கவில்லை. ஆனால் 520 ரிங்கிட்டும் சும்மா வந்ததன்று. பிப்ரவரியில் உயர்த்திய பிறகும் நாட்டின் குறைந்தபட்ச மாத ஊதியம் 1,700 ரிங்கிட்தான். தோட்டத்தில் வெயிலில் நின்று அதைச் சம்பாதிக்கும் ஒருவருக்கு 520 என்பது கிட்டத்தட்ட எட்டு நாள் உழைப்பு.

என்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் நினைத்தேன், கை ஓடவில்லை, சுருக்கமாகச் சொல்கிறேன். கடையின் பெயரில் இல்லாத வங்கிக் கணக்குக்குப் பணம் கட்டாதீர்கள். காவல்துறையின் "செமாக் மியூல்" இணையப் பக்கத்தில் அந்தக் கணக்கு எண்ணைத் தட்டி, அதன்மீது முன்பே புகார் உண்டா என்று பாருங்கள். ரசீதில் என்ன பொருள், எந்தத் தேதிவரை என்று எழுதச் சொல்லுங்கள், எழுத மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள். சந்தா உங்கள் சொந்த மின்னஞ்சலில், நீங்களே உருவாக்கிய கடவுச்சொல்லோடு இருக்க வேண்டும். வங்கி வழியாகப் பணம் பறிபோனது தெரிந்த உடனே தேசிய மோசடித் தடுப்பு மையத்தின் 997 எண்ணுக்கு அழையுங்கள், தாமதித்தால் பயனில்லை. பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் 50,000 ரிங்கிட்வரை கோரலாம், பதிவுக் கட்டணம் 5 ரிங்கிட்தான், வழக்கறிஞர் தேவையில்லை.

நானும் அந்த டிராக்டர் ஓட்டுநரும் நடுவர் மன்றத்துக்கு மனு எழுதிவிட்டோம். என்னுடையது 520 ரிங்கிட்டுக்கு, அவருடையது 350 ரிங்கிட்டுக்கு. இந்தப் பட்டணத்தில் இதே வகைக் கடையில், ஒரு பெண்ணின் பெயரில் உள்ள கணக்குக்குப் பணம் கட்டி விளையாட்டுச் சந்தா வாங்கியவர்கள் யாராவது இருந்தால், ரசீதையும் பணம் கட்டியதைக் காட்டும் திரைப்பிடிப்பையும் அழித்துவிடாமல் எனக்குத் தனிச்செய்தியில் தெரிவியுங்கள். வருகிற வாரத் தொடக்கத்தில் ஈப்போவுக்குப் போய் எல்லா மனுக்களையும் ஒன்றாகவே பதிவு செய்யப் போகிறோம்.