நேர் பஸ்ஸா, இரண்டு வண்டி மாறும் வழியா?

இனி காரை எடுக்காமல் பஸ்ஸிலும் ரயிலிலும் போய்வரலாம் என்று முடிவு செய்பவர்கள் முதலில் தேடுவது, வீட்டுப் பக்கம் ஏறினால் போகவேண்டிய இடத்திலேயே இறக்கிவிடும் ஒரே வண்டியைத்தான். நியாயமான ஆசை. ஆனால் அந்த வண்டி எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை வருகிறது என்பதைப் பலர் பார்ப்பதே இல்லை. பொதுப் போக்குவரத்து சலித்துப்போய்க் கார் சாவியை மறுபடி கையில் எடுக்க வைப்பது பெரும்பாலும் அந்தக் காத்திருப்புதான் என்பது என் எண்ணம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நேர் பஸ் 40 நிமிடத்துக்கு ஒன்று. ஏறி உட்கார்ந்தால் 25 நிமிடத்தில் போய்ச் சேரலாம். இன்னொரு வழியில் இரண்டு வண்டி ஏற வேண்டும். இரண்டுமே 8 நிமிடத்துக்கு ஒன்று, தலா 15 நிமிட ஓட்டம், நடுவில் 2 நிமிட நடை. பார்த்தால் நேர் பஸ்தான் ஜெயிக்கிறது. ஆனால் நேரம் பார்க்காமல் நிறுத்தத்துக்குப் போகிறவர், சராசரியாக இரண்டு வண்டிகளுக்கு இடையிலுள்ள நேரத்தில் பாதியைக் காத்திருந்தே கழிக்கிறார். அதையும் சேர்த்தால் நேர் பஸ்ஸுக்கு 45 நிமிடம், மாறிப்போகும் வழிக்கு 40. கண்ணெதிரே வண்டியை விட்டுவிட்ட நாளில் வித்தியாசம் இன்னும் பெரிது: நேர் பஸ்ஸுக்கு 65, மற்றதற்கு அதிகபட்சம் 48.

காலையில் நிலைமை வேறு. கிளம்பும் நேரம் நம் கையில் இருக்கிறது. அட்டவணையைப் பார்த்து 5 நிமிடம் முன்னால் போய் நின்றால் நேர் பஸ்ஸில் மொத்தமே 30 நிமிடம்தான். மாலையில் வேலை எப்போது முடியும், கடையில் எவ்வளவு நேரமாகும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால் போகும்போது நேர் பஸ், திரும்பும்போது அடிக்கடி ஓடும் வழி என்று இரண்டாகப் பிரித்துக்கொள்வதே நல்லது. போன வழியிலேயே திரும்ப வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

ஒரு எச்சரிக்கை. 10 நிமிடத்துக்கு ஒன்று என்று அட்டவணை சொன்னாலும், நெரிசலில் இரண்டு பஸ்கள் ஒட்டிக்கொண்டு வந்தால் நடைமுறையில் அது 20 நிமிடத்துக்கு ஒன்றுதான். சராசரிக் காத்திருப்பும் 5 நிமிடத்திலிருந்து 10 ஆகிவிடும். ஒரே தூரமென்றால், தனித் தடத்தில் ஓடும் மெட்ரோவையோ டிராமையோ நான் முதலில் தேர்ந்தெடுப்பேன்.

மாறும் இடத்தையும் ஒருமுறை நேரில் நடந்து பார்த்துவிட வேண்டும். எதிர் நடைமேடையில் ஏறுவதும், அகலமான சாலையைக் கடக்க சிக்னலில் நின்று, படியேறி, படியிறங்கி அடுத்த நிறுத்தத்துக்கு ஓடுவதும் ஒன்றல்ல. செயலி இரண்டையுமே ‘2 நிமிட நடை’ என்று காட்டிவிடலாம். கையில் பையும் குழந்தையும் இருந்தால், அப்படிச் சாலை கடந்து மாறும் வழியை மறந்துவிடுங்கள். அடிக்கடி வராத வண்டிகளுக்கு இடையே மாறுவது, இரண்டின் நேரத்தையும் பொருத்தி வைத்திருக்கும் இடங்களில் மட்டுமே சரிப்படும். சுவிட்சர்லாந்து ரயில்கள் 1982 முதல் அப்படித்தான் ஓடுகின்றன: ஒவ்வொரு மணியிலும் அதே நிமிடத்தில் புறப்பாடு, சந்திப்பு நிலையங்களில் ஒன்றுக்கொன்று இணைப்பு.

செயலியா, அச்சிட்ட அட்டவணையா? எனக்கு இரண்டும் வேண்டும். கூகுளின் பொதுப் போக்குவரத்துத் தேடல் 2005 டிசம்பரில் அமெரிக்காவின் போர்ட்லண்டில் தொடங்கியது. பஸ், ரயில் நேரங்களைச் செயலிகள் படிக்கும்படி எழுதிவைக்க அப்போது பிறந்த தரவு வடிவமான ஜிடிஎஃப்எஸ் (GTFS) இன்று உலகெங்கும் புழங்குகிறது. அடிப்படையில் அது அட்டவணைதான். வண்டி இப்போது எங்கே வருகிறது என்பது தனித் தரவாக வர வேண்டும். அது வராத தடத்தில், ரத்தான பஸ்கூட வருவதாகவே திரையில் நிற்கும். அவசரத்துக்குச் செயலி போதும். தினசரிப் பயணத்துக்கு அட்டவணையை முழுதாக ஒருமுறை படியுங்கள். மதிய நேரத்தில் வண்டி குறைவதும், ஞாயிறன்று தடமே இல்லாமல் போவதும் அதில்தான் தெரியும்.

காரோடு ஒப்பிடும்போது பலர் ஓட்டும் நிமிடங்களை மட்டும் எண்ணுகிறார்கள். நிறுத்த இடம் தேடும் நேரம், அங்கிருந்து நடக்கும் நேரம், இரண்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வீட்டிலிருந்து ரயில் நிலையம் 2 கிலோமீட்டர் என்றால் நடக்க 25 நிமிடம், சைக்கிளில் 8 நிமிடம். அந்தத் துண்டைச் சரிசெய்தாலே பல பயணங்கள் காருக்கு நிகராகிவிடும்.

எந்த வழியை எடுத்தாலும் இரவில் கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்பதையும், அதற்கு முந்தைய வண்டியின் நேரத்தையும் குறித்துவையுங்கள். முந்தையதைக் குறிவைத்தே கிளம்புங்கள். இரண்டையும் தவறவிடும் நாளுக்கு டாக்ஸிச் செலவை மாதக் கணக்கிலேயே ஒதுக்கிவிட்டால், அந்த ஒரு ராத்திரிக்காகக் கார் வைத்திருக்க வேண்டியதில்லை.