எங்கள் ஊர் டைப் இன்ஸ்டிட்யூட்: ஒன்றரை வருடம் படித்தவளின் அனுபவம்

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் உரக்கடை மாடியில் இருக்கிற டைப் இன்ஸ்டிட்யூட்டைப் பற்றித்தான் எழுதுகிறேன். அரசு தட்டச்சுத் தேர்வில் லோயர் (இளநிலை), ஹையர் (முதுநிலை) என்று இரண்டு நிலை உண்டு; தமிழ் லோயர், இங்கிலீஷ் லோயர், அப்புறம் தமிழ் ஹையர், மூன்றையும் அங்கேதான் முடித்தேன். அந்தச் சான்றிதழ்களால்தான் டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வில் தட்டச்சர் பணி கிடைத்து இன்று ஓர் அரசு அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கிறேன். சேரலாமா வேண்டாமா என்று தெரிந்தவர்கள் நிறையப் பேர் கேட்கிறார்கள், அதனால் நல்லது கெட்டது எல்லாவற்றையும் ஒரே இடத்தில் சொல்லிவிடுகிறேன்.

முதலில் ஒரு பழைய கதை. டிகிரி முடித்த கையோடு வேறொரு கம்ப்யூட்டர் சென்டரில் ஆறு மாத டிப்ளமோவில் சேர்ந்தேன், 14,000 ரூபாய், அம்மா சீட்டு எடுத்துக் கட்டிய பணம். அரசு வேலைக்கும் உதவும் என்று சொல்லித்தான் சேர்த்தார்கள். பளபளவென்று ஸ்டிக்கர் ஒட்டிய சான்றிதழும் கொடுத்தார்கள். டி.என்.பி.எஸ்.சி. விண்ணப்பம் போட உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது, தட்டச்சர் பணிக்கு அரசு கேட்கும் கம்ப்யூட்டர் சான்றிதழே வேறு, தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் தேர்வு வைத்துத் தருகிற சி.ஓ.ஏ., அதாவது ஆபீஸ் ஆட்டோமேஷன் சான்றிதழ். அதுகூட கையில் இல்லாமலே விண்ணப்பிக்கலாம், வேலையில் சேர்ந்து தகுதிகாண் பருவத்துக்குள் முடித்தால் போதும். என்னுடைய டிப்ளமோவைப் பற்றி அறிவிக்கையில் ஒரு வரி கிடையாது. இதை யாராவது முன்னாலேயே சொல்லியிருந்தால் அந்தப் பணம் வீட்டில் இருந்திருக்கும்.

டைப் இன்ஸ்டிட்யூட் மாஸ்டர் அப்படி இல்லை. சேரப் போன அன்றைக்குப் பணத்தை வாங்கவே இல்லை. பழைய குரூப் 4 அறிவிக்கை ஒன்றை எடுத்துப் போட்டு, "இதுல தட்டச்சர் தகுதி எங்க இருக்குன்னு நீயே படிம்மா" என்றார். பத்தாம் வகுப்புத் தேர்ச்சி, அதோடு தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் ஹையர், அல்லது ஏதாவது ஒன்றில் ஹையர் இன்னொன்றில் லோயர். படித்து முடித்ததும்தான் எந்தப் பேட்ச் வசதி என்று கேட்டார். எனக்கு அந்த ஒரு காரணமே போதுமாக இருந்தது.

பயிற்சியைப் பற்றி. முதல் மூன்று வாரம் விரல் பழக்கம் மட்டும்தான், 'யளனகபக' என்று பக்கம் பக்கமாக. கீயைக் குனிந்து பார்த்தால் பின்னால் நின்று ஸ்கேலால் மேஜையைத் தட்டுவார். தமிழ் மெஷினில் புள்ளியை முதலில் அடித்து அப்புறம் எழுத்தை அடிக்க வேண்டும், ஏனென்றால் புள்ளிக்குக் கேரேஜ், அதாவது காகிதம் சுற்றிய உருளை, நகராது. கையால் எழுதிப் பழகிய மனசுக்கு இது பிடிபடவே ஒரு மாதம் ஆகும், பயப்பட வேண்டாம். லோயருக்கு நிமிடத்துக்கு 30 வார்த்தை, ஹையருக்கு 45. கேட்கச் சின்ன வித்தியாசமாகத் தெரியும், ஆனால் பத்து நிமிடத்தில் 1,500 தட்டும் 2,250 தட்டும் ஒன்றல்ல. ஹையருக்கு எனக்கு எட்டு மாதம் பிடித்தது. ஸ்பீடு மட்டும் வந்தால் போதும் என்று நினைத்து இரண்டாம் தாளை விட்டுவிடுகிறவர்கள் அதிகம். அந்தத் தாளில் வரும் ஸ்டேட்மெண்டில், அதாவது அட்டவணையில், கட்டம் கணக்குப் போட்டு நடுவில் நிறுத்துவதை மாஸ்டர் தினமும் ஒன்றாவது போட வைத்ததால்தான் நான் தப்பித்தேன்.

குறைகள் இருக்கின்றன. பதினாறு மெஷினில் தமிழுக்கு உருப்படியானவை நான்கு, மாலை ஐந்து மணி பேட்சில் அதற்கு அடிதடி. ரிப்பன் மங்கிப் போய் எழுத்தே தெரியாத அளவுக்கு வரும்வரை மாற்ற மாட்டார்கள். ஒரே ஒரு ஃபேன், அதுவும் இங்கிலீஷ் வரிசைப் பக்கம். தேர்வுக்கு மெஷினை பாலிடெக்னிக் சென்டருக்கு வண்டியில் ஏற்றிக்கொண்டு போக வேண்டும், அந்த வண்டிச் செலவை முன்கூட்டியே சொல்லாமல் கடைசி வாரத்தில் கேட்டது எனக்குப் பிடிக்கவில்லை, அன்றாடக் கூலி வீட்டுப் பிள்ளைகள் அதற்கு ரொம்பவே திண்டாடினார்கள். மாதக் கட்டணம் ஐநூறு ரூபாய் சொச்சம், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

சரி, கம்ப்யூட்டர் காலத்தில் இந்த மெஷின் எதற்கு என்று எல்லோரும் கேட்பதுதான். நான் எழுதிய 2022 குரூப் 4-இல் முதல் அறிவிப்பில் 7,301 இடங்கள், அதில் 2,108 தட்டச்சருக்கு. சம்பளம் இளநிலை உதவியாளருக்கும் தட்டச்சருக்கும் ஒரே நிலைதான், 19,500-இல் தொடங்கும். எழுதுவதும் ஒரே 200 கேள்வித் தாள்தான். ஆனால் தட்டச்சர் இடத்துக்கு இந்தச் சான்றிதழ் வைத்திருப்பவர்கள் மட்டும்தான் போட்டி, அதனால் கட்-ஆஃப் இறங்கிவிடுகிறது. என் மதிப்பெண்ணுக்கு இளநிலை உதவியாளர் கிடைத்திருக்கவே கிடைத்திருக்காது. அலுவலகத்திலும் கம்ப்யூட்டரில் பழைய டைப்ரைட்டர் கீபோர்டு முறையையே வைத்துக்கொண்டு அடிக்கிறேன், விரல் அப்படியே போகிறது.

ஒரு விஷயத்தில் மட்டும் ஏமாந்துவிடாதீர்கள், சி.ஓ.ஏ. தவிர மற்ற தகுதி எல்லாம் அறிவிக்கை வெளியாகும் தேதிக்குள் முடிந்திருக்க வேண்டும். டைப் தேர்வு பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும், வருடத்துக்கு இரண்டே தடவை. என் பேட்சில் ஒரு பெண் என்னைவிட நன்றாக அடிப்பாள், ஹையரை அடுத்த தடவை எழுதிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டாள், அதற்குள் அறிவிக்கை வந்துவிட்டது. பாஸ் பண்ணியும் அந்த வருடம் தட்டச்சர் இடத்துக்கு அவளால் போட முடியவில்லை. இன்றைக்கும் அவளைப் பார்க்கும்போது மனசு கஷ்டமாக இருக்கிறது.

வேலையில் சேர்ந்த பிறகும் பரீட்சை விடாது, அதையும் மாஸ்டர்தான் முதலில் சொன்னார். பவானிசாகரில் அரசு ஊழியர்களுக்கான அடிப்படைப் பயிற்சி, அப்புறம் மே மாதமும் டிசம்பரிலும் வருகிற துறைத் தேர்வுகள், டி.ஓ.எம். (மாவட்ட அலுவலக நடைமுறை நூல்), அக்கவுண்ட் டெஸ்ட் (கணக்குத் தேர்வு) எல்லாம். உதவியாளர் பதவி உயர்வுக்கு இவை வேண்டும். எங்கள் அலுவலகத்தில் எனக்குப் பிறகு சேர்ந்த தம்பி ஒருவர் சேர்ந்த வருடமே இந்தத் தேர்வுகளுக்கு விண்ணப்பித்துவிட்டார். இருபது வருடம் அனுபவமுள்ள அண்ணன் ஒருவர் அக்கவுண்ட் டெஸ்ட் பாக்கி என்பதால் இன்னும் அதே நாற்காலியில் இருக்கிறார், வேலையில் அவரை மிஞ்ச ஆள் இல்லை, ஃபைலைக் கையில் எடுத்தாலே எங்கே சிக்கல் என்று சொல்லிவிடுவார். நான் அக்கவுண்ட் டெஸ்ட் புத்தகத்தை வாங்கிவிட்டேன், இங்கிலீஷ் ஹையருக்கும் மறுபடி அதே மாடிக்குத்தான் போகிறேன்.

ஐந்துக்கு நான்கு நட்சத்திரம். சேருவதாக இருந்தால் தேர்வு முடிந்த அடுத்த வாரமே போய்ச் சேருங்கள், அப்போதுதான் மெஷின் காலியாக இருக்கும். காலை ஏழு மணி பேட்ச் கேளுங்கள், ஜன்னலோரம் மூன்றாவது தமிழ் மெஷின்தான் அங்கே நல்ல மெஷின்.