பாசி–பூஞ்சை ஸ்லைடு பாக்ஸ்: சரக்கு ஓகே, லேபிள நம்பாதீங்க

பாசியும் பூஞ்சையும் புக்ல பார்த்தா ரெண்டும் நூல் நூலாத்தானே இருக்குன்னு பொண்ணு குழம்பிட்டா, அதான் மைக்ரோஸ்கோப்புக்குன்னு ரெடிமேட் ஸ்லைடு பாக்ஸ் வாங்குனேன். பாசி 6, பூஞ்சை 6, தனியா ஒரு லைக்கன் (பாசியும் பூஞ்சையும் ஒட்டி வாழறது).

ஸ்லைடெல்லாம் நீட், காத்துக்குமிழி எதுவும் இல்ல. ஸ்பைரோகைராங்கற பாசியையும் ரைசோபஸ்ங்கற பூஞ்சையையும் மாத்தி மாத்தி 100 மடங்குல பார்த்தப்போதான் அவளுக்கு பிடிபட்டுச்சு. ரெண்டுக்கும் வேர், தண்டு, இலை கிடையாது, முன்னாடி ரெண்டையும் தாலோஃபைட்டான்னு ஒரே கூட்டத்துல போட்டதே அதனாலதான். ஆனா ஸ்பைரோகைரா நூல்ல கிளையே இல்ல, ரூம் ரூமா தடுப்பு, உள்ள ஸ்பிரிங் மாதிரி பசுங்கணிகம். ரைசோபஸ் கண்டபடி கிளை விட்டு ஓடுது, நுனியில கறுப்பு குண்டு, அது நிறைய ஸ்போர், விதை மாதிரி பரவற தூள்.

கடுப்பு எங்கன்னா சாயம். பாசிய பூரா ரோஸ் கலராக்கி வெச்சிருக்காங்க! பாசி பச்சையத்த வெச்சு தன் சாப்பாட்ட தானே தயாரிக்கும், பூஞ்சைக்கு அது இல்ல, என்சைம வெளிய விட்டு கரைச்சு உறிஞ்சிக்கும், மெயின் வித்தியாசமே அதுதான், அந்தப் பச்சையவே காணோம். "பச்சைன்னு சொன்னீங்களேப்பா"ங்கறா. கடைசியில தொட்டித் தண்ணிலருந்து ரெண்டு நூல் எடுத்து அயோடின் விட்டு காட்டுனேன், பாசி சேத்து வெச்ச ஸ்டார்ச் கருநீலமாச்சு. பூஞ்சை சேத்து வைக்கறது கிளைக்கோஜன், நம்ம ஈரல்ல இருக்கற அதே ஐட்டம். செல் சுவர் கைட்டின், நண்டு ஓட்டுல இருக்கறது. சொந்தம் பார்த்தா பூஞ்சை செடிய விட நமக்குத்தான் கிட்ட, இத சொன்னதும் அவ மூஞ்சிய பாக்கணுமே.

அடுத்து லேபிள். நாஸ்டாக்க பாசி வரிசைல வெச்சிருக்காங்க, அதுக்கு உட்கருவே கிடையாது, அது பாக்டீரியா. அல்புகோ பூஞ்சையாம், பாக்க அப்படித்தான் இருக்கும், ஆனா சுவர்ல கைட்டினுக்குப் பதிலா செல்லுலோஸ், பழுப்புப் பாசிக்குப் பங்காளி. கேட்டா "சார் புக்ல அப்படித்தான் இருக்கு"ங்கறாங்க, எந்தக் காலத்து புக்கோ.

லைக்கன் ஸ்லைடு மட்டும் செம. குறுக்கு வெட்டுல மேல தோல் மாதிரி பூஞ்சை நெருக்கமா இருக்கு, அதுக்கு அடியில பாசி உருண்டை உருண்டையா ஒரு அடுக்கு, அதுக்கும் கீழ லூசா பூஞ்சை நூல். இது ஒத்த உயிர் இல்ல, ரெண்டு சேந்ததுன்னு ஸ்வெண்டனர்னு ஒரு சுவிஸ்காரர் 1867ல சொன்னப்போ லைக்கன் ஆராய்ச்சி பண்றவங்களே பல பேரு ஒத்துக்கலயாம். எங்க வீட்ல அத அரை மணி நேரம் யாருக்கும் விட்டுத் தரல அவ.

3 ஸ்டார். சாயம் போடாத ஸ்பைரோகைரா ஒண்ணு சேத்து குடுத்தா 4.