இதயம் நின்று மீண்டவர்களின் உடலைக் குளிர்விக்கும் முறைகள்: எங்கள் ஊருக்கு எது ஏற்றது?

கனடாவில் இருக்கும் என் பெரியம்மாவின் மகன், தங்கள் பழைய மாணவர் சங்கத்தில் சேர்ந்த பணத்தில் யாழ்ப்பாணத்து வைத்தியசாலை ஒன்றுக்கு உடல் குளிர்விக்கும் கருவி வாங்கித் தர விரும்புவதாகச் சொல்லி, எதை வாங்கலாம் என்று கேட்டிருந்தார். அதிதீவிர சிகிச்சைப் பிரிவில் நீண்ட காலம் தாதியாக இருந்தவள் என்ற முறையில், கையாண்டவற்றையும் படித்தறிந்தவற்றையும் ஒப்பிட்டு எழுதுகிறேன்.

ஐரோப்பாவிலும் ஆஸ்திரேலியாவிலும் நடத்தப்பட்டு 2002 இல் வெளிவந்த இரு ஆய்வுகளுக்குப் பிறகு, இதயம் நின்று மீண்டும் துடிக்கத் தொடங்கியும் நினைவு திரும்பாதவர்களை, மூளையைக் காப்பதற்காக, 32 முதல் 34 பாகை செல்சியஸ் வரை குளிர்விப்பது வழக்கமாயிற்று. ஆனால் 2013 இல் 33 பாகையையும் 36 பாகையையும் ஒப்பிட்டபோது வேறுபாடு தெரியவில்லை. 2021 இல் 1,800 இற்கு மேற்பட்டோரை வைத்து நடந்த ஆய்வில், 33 பாகைக்குக் குளிர்விக்கப்பட்டவர்களும் காய்ச்சல் வராமல் மட்டும் பார்த்துக்கொள்ளப்பட்டவர்களும் ஏறக்குறைய ஒரே அளவிலேயே உயிர் தப்பினார்கள். மின் அதிர்ச்சியால் சீராக்க முடியாத வகையில் இதயம் நின்றவர்களுக்கு 33 பாகை நன்மை தந்ததாக 2019 இல் ஒரு பிரெஞ்சு ஆய்வு காட்டியிருப்பதால் விவாதம் முற்றாக ஓயவில்லை. என்றாலும், காய்ச்சல் வராமல் காப்பதையே ஐரோப்பிய வழிகாட்டல்கள் இப்போது வலியுறுத்துகின்றன. கருவியின் விலையை எடைபோடும்போது இதை மறக்கக் கூடாது.

கழுத்திலும் அக்குளிலும் தொடையிடுக்கிலும் துணி சுற்றிய ஐஸ் பைகளை வைத்து, ஈரத் துணியால் துடைத்து, விசிறி போடுவதே நாங்கள் அதிகம் செய்தது. செலவு மிகக் குறைவு. குளிர்விப்பதும் நன்றாகவே நடக்கும். ஆனால் நிறுத்திய பின்னும் வெப்பம் இறங்கிக்கொண்டே போகும், தோல் கன்றும், நோயாளிக்கு நடுக்கம் பிடிக்கும். நடுக்கம் வந்தால் உடல் தானே வெப்பத்தை உண்டாக்குவதால் நம் உழைப்பு வீணாகும். மயக்க மருந்தைக் கூட்டியும் கைகால்களை வெதுவெதுப்பாக மூடியும் அதை அடக்க வேண்டும். ஒரு தாதி அந்தக் கட்டிலை விட்டு நகர முடியாத வேலை இது. ஆள் பற்றாக்குறையான இரவுப் பணியில் அது எவ்வளவு கடினம் என்பதை அனுபவித்தவர்களே அறிவர்.

4 பாகைக்குக் குளிரூட்டிய சேலைனை (உப்பு நீரை) நாளத்தினூடாக வேகமாக ஏற்றுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். வைத்தியசாலைக்கு வரும் வழியிலேயே அப்படிச் செய்ததை ஆராய்ந்த 2014 ஆம் ஆண்டின் அமெரிக்க ஆய்வில் உயிர் பிழைப்பு கூடவில்லை. நுரையீரலில் நீர் கோர்ப்பதும் இதயம் மறுபடி நிற்பதும்தான் கூடின.

தொடை நாளத்தினூடாகச் செலுத்தும் தெர்மோகார்ட் போன்ற கதீற்றர் (மெல்லிய குழாய்) முறை, வெப்பத்தை மிகத் துல்லியமாகப் பிடித்து வைக்கும். குளிர்ந்த சேலைன் அக்குழாயிலுள்ள பலூன்களுக்குள்ளேயே சுற்றி வருவதால் இரத்தத்துடன் கலப்பதில்லை. இருப்பினும் இரத்தக் கட்டி, தொற்று ஆகிய ஆபத்துகள் உண்டு. போடுவதற்குப் பயிற்சி பெற்ற வைத்தியரும் வேண்டும். வெளிப்புறக் குளிர்விப்புடன் ஒப்பிட்ட பிரெஞ்சு ஆய்விலும் நோயாளர் குணமடைவதில் தெளிவான மேன்மை காணப்படவில்லை.

ஆர்க்டிக் சன் கருவியின் ஜெல் பட்டைகள் உடலில் ஒட்டிக்கொண்டு, நோயாளியின் வெப்பத்துக்கு ஏற்ப அவற்றுக்குள் ஓடும் நீரின் குளிரைக் கருவி தானே மாற்றும். தாதியருக்கு இது பெரிய ஆறுதல். ஆனால் பட்டைகள் ஒருவருக்கு மட்டுமே உரியவை. அனுப்பிய பெட்டி தீர்ந்ததும் கருவி மூலையில் கிடக்கும். வெளிநாட்டிலிருந்து அன்போடு வந்த வேறு கருவிகளுக்கும் இப்படி நேர்ந்ததைக் கண்டு மனம் வருந்தியிருக்கிறேன். ஆகவே, துடைத்து மறுபடி பயன்படுத்தக்கூடிய, நீர் சுழலும் குளிர்போர்வைக் கருவியே எங்களுக்குப் பொருத்தம் என்பது என் முடிவு.

அதற்கும் முன்பாக வாங்க வேண்டியது, உணவுக்குழாய்க்குள் வைக்கும் வெப்ப உணரி. அக்குளில் வைக்கும் வெப்பமானியை, அதிலும் ஐஸ் பை வைத்த இடத்தில், நம்பவே முடியாது. எங்கள் மொனிற்றரில் அந்த உணரி செருகும் இடத்தைப் படம் எடுத்து அண்ணனுக்கு அனுப்பியிருக்கிறேன். அதற்குப் பொருந்துவதைப் பார்த்து வாங்கினால் போதும்.