கணுக்கால் வீக்கம், வறட்டு இருமல், ஓர் எழுத்துப் பிழை: பன்னிரண்டு ஆண்டுப் பிரஷர் மாத்திரை அனுபவம்

2013ஆம் ஆண்டு தை மாதத்தில் கண் பரிசோதனைக்குப் போன இடத்தில் தற்செயலாக அளந்தபோது, என் ரத்த அழுத்தம் 170/104 என்று காட்டியது. தலைவலியோ கிறுகிறுப்போ எதுவும் இல்லாததால் கருவியில்தான் கோளாறு என்று நினைத்தேன். காரைக்குடியில் எங்கள் குடும்ப மருத்துவர் மூன்று வெவ்வேறு நாட்களில் அளந்து பார்த்த பிறகே மாத்திரை எழுதினார். அன்று முதல் இன்றுவரை பல வகை மருந்துகளை உட்கொண்டுவிட்டேன். ஒரு மாத்திரை தரும் தொந்தரவைப் பின்தொடர்ந்து போனால், அது உடலில் எந்த இடத்தில் வேலை செய்கிறது என்பது தெரிந்துவிடும் என்பதுதான் இத்தனை ஆண்டுகளில் நான் கண்டுகொண்டது.

முதலில் வந்தது அம்லோடிபின் 5 மில்லிகிராம். ரத்தக்குழாய்ச் சுவரில் உள்ள தசை சுருங்குவதற்குக் கால்சியம் உள்ளே போக வேண்டும். இந்த மருந்து அந்த வழியை அடைப்பதால் தசை தளர்ந்து குழாய் விரிகிறது. உடலில் நெடுநேரம் தங்கும் மருந்து என்பதால், ஒரு வேளை சிறிது தாமதமானாலும் அளவு உடனே எகிறுவதில்லை. ஐந்து போதாமல் பத்து ஆக்கியதும் அழுத்தம் 134/84க்கு இறங்கியது. ஆனால் இரண்டாம் மாதம் மாலையில் செருப்பைக் கழற்றினால், வார் இருந்த இடத்தில் விரல் ஆழத்துக்குத் தடம் விழுந்திருந்தது. சிறுநீரகம் கெட்டுவிட்டதோ என்று பயந்தேன். சோதனையில் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் சரியாகவே இருந்தது. மருந்து தமனியின் நுண்கிளைகளை விரிக்கும் அளவுக்குச் சிரைகளை விரிப்பதில்லை. வரத்து கூடி, வடிகால் அப்படியே இருப்பதால் நுண்குழாய்களிலிருந்து நீர் கசிந்து, தாழ்வான கணுக்காலில் தேங்குகிறது. உடம்பில் நீர் மிகுந்து வந்த வீக்கம் அல்ல என்பதால், நீர் பிரிக்கும் மாத்திரை போட்டால் வடிந்துவிடும் என்று பக்கத்து வீட்டார் சொன்ன யோசனை இதற்குப் பெரிதாக உதவாது என்று மருத்துவர் விளக்கினார்.

அவர் அம்லோடிபினை மீண்டும் ஐந்தாகக் குறைத்து எனலாபிரிலைச் சேர்த்தார். சிறுநீரகம் சுரக்கும் ரெனின் தொடங்கிவைக்கும் வேலையின் முடிவில் ஆஞ்சியோடென்சின் 2 என்ற பொருள் உருவாகிறது. அது குழாயை இறுக்கி, உப்பையும் பிடித்துவைக்கிறது. அதை உருவாக்கும் நொதியைத் தடுப்பதுதான் எனலாபிரிலின் வேலை. இவ்வகையின் மூத்த மருந்தான கேப்டோபிரில், பிரேசில் நாட்டு விரியன் ஒன்றின் நஞ்சை ஆராய்ந்ததில் கிடைத்த குறிப்பிலிருந்து பிறந்தது. நம் நாட்டிலும் சர்ப்பகந்தா வேரை ரத்தக்கொதிப்புக்குப் பயன்படுத்தியதைப் பற்றி மும்பை மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல் 1949இல் எழுதியிருக்கிறார். இரண்டு இடத்திலும் பாம்பு குறுக்கே வருவதை எண்ணி நான் சிரித்துக்கொள்வதுண்டு.

வீக்கம் பாதியாகக் குறைந்தது. ஆனால் இருமல் தொடங்கியது. சளி இல்லை, காய்ச்சல் இல்லை, தொண்டைக்குள் இறகால் வருடுவது போன்ற அரிப்பு மட்டும். அப்போது வீட்டுக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்ததால் சுண்ணாம்புத் தூசியைக் குறை சொன்னோம். முன்னோரைக் கும்பிடும் படைப்பு நாளன்று எல்லோரும் அமைதியாகக் கும்பிட்டு நின்றபோது, நான் மட்டும் நடுமுற்றமான வளவை விட்டு வாசல்புற முகப்புக்கு ஓடிவந்து இருமிக்கொண்டிருந்தேன். மூன்று புட்டி இருமல் மருந்தும் ஒரு மார்புப் படமும் வீணான பிறகே காரணம் புரிந்தது. மருந்து தடுக்கும் அதே நொதிதான் பிராடிகினின் என்ற பொருளையும் சிதைக்கிறது. நொதி முடங்கியதும் அப்பொருள் தேங்கி இருமலைத் தூண்டுகிறது. நொதியைத் தொடாமல், ஆஞ்சியோடென்சின் போய் ஒட்டும் இடத்தை மட்டும் அடைக்கும் டெல்மிசார்ட்டானுக்கு மாற்றியதும் மூன்று வாரத்தில் இருமல் நின்றது. இம்மருந்து ரத்தத்தில் பொட்டாசியத்தை ஏற்றக்கூடும் என்பதால், மாற்றிய பிறகு பொட்டாசியமும் கிரியாட்டினினும் பார்க்கச் சொன்னார் மருத்துவர். எனலாபிரில், டெல்மிசார்ட்டான் ஆகிய இவ்விரு வகைகளும் கர்ப்பிணிகளுக்கு ஆகாது. சோடியம் குறைந்த உப்பு என்று கடையில் விற்பதில் பொட்டாசியம் கலந்திருப்பதால், டெல்மிசார்ட்டான் சாப்பிடும் நான் மருத்துவரைக் கேட்காமல் அதைத் தொடுவதில்லை.

உப்பு என்றதும் ஒன்றைச் சொல்ல வேண்டும். “வீட்டில் உப்புக்கண்டம் உண்டா?” என்று மருத்துவர் முதல் நாளே கேட்டார். உண்டு, மோர்மிளகாயும் அப்பளமும் வத்தலும் உண்டு. நாளுக்கு 5 கிராமுக்குள் உப்பு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. செட்டிநாட்டுச் சாப்பாட்டில் காரத்தைத்தான் எல்லோரும் பழிக்கிறார்கள். என் கணக்கில் குற்றவாளி தொட்டுக்கொள்ளும் பொருட்களில்தான் ஒளிந்திருந்தது.

அதன்பின் டெல்மிசார்ட்டானும் அம்லோடிபினும் சேர்ந்த ஒரே மாத்திரை. இத்தகைய கூட்டு மாத்திரைகளில் பெயருக்குப் பின்னால் ‘ஏஎம்’ என்றிருந்தால் அம்லோடிபின் சேர்ந்தது என்றும், ‘ஹெச்’ என்றிருந்தால் ஹைட்ரோகுளோரோதையசைடு என்ற நீர்ப்பெருக்கி சேர்ந்தது என்றும் பெரும்பாலும் பொருள். 2019 மே மாதத்தில் ஒரு மருந்துக்கடையில் ‘ஏஎம்’ கேட்டதற்கு ‘ஹெச்’ அட்டையைக் கொடுத்துவிட்டார்கள். பெயர் ஒன்றே, நிறமும் ஏறத்தாழ ஒன்றே, நான் கவனிக்கவில்லை. மிச்சமிருந்த கால் வீக்கமும் பத்தே நாளில் வடிந்துவிட, உடம்பு பழகிவிட்டது என்று மகிழ்ந்தேன். உண்மையில் அம்லோடிபின் நின்றுபோனதால்தான் வடிந்தது.

கத்திரி வெயிலில் வியர்வையில் உப்பு போக, சிறுநீர் வழியே உப்பையும் நீரையும் வெளியேற்றும் இந்த மருந்தும் சேர்ந்துகொண்டது. இரவில் கெண்டைக்கால் சுருட்டி இழுத்தது. பட்டாலை என்னும் கூடத்தில் படுத்து எழுந்தால் தூணைப் பிடிக்க வேண்டியிருந்தது. என் மனைவிதான் அட்டையைத் திருப்பிப் பார்த்து, “இதுல வேற எழுத்தாவுல்ல இருக்கு” என்றாள். ரத்தத்தில் சோடியம் இருக்க வேண்டிய அளவுக்குக் கீழே, 128க்கு இறங்கியிருந்தது. அது கெட்ட மருந்து என்று சொல்ல மாட்டேன். குறைந்த அளவில் பலருக்கும் நன்றாகக் கேட்கும் பழைய, மலிவான மருந்து. யூரிக் அமிலம் ஏறுவதையும் சோடியம், பொட்டாசியம் இறங்குவதையும் கண்காணிக்க வேண்டும், அவ்வளவே. மூட்டுவலிக்கு நாமாக வாங்கிப் போடும் வலிநிவாரணி அழுத்தத்தையும் ஏற்றும். டெல்மிசார்ட்டானும் நீர்ப்பெருக்கியும் சாப்பிடுகிறவருக்கு அது சிறுநீரகத்தையும் நெருக்கும்.

இதயத் துடிப்பையும் அதன் உந்துவிசையையும் தணிக்கும் மெட்டோபுரோலால் எனக்கு எழுதப்படவில்லை. மூத்த சகோதரியை நாங்கள் ஆச்சி என்போம். அவருக்கு மாரடைப்புக்குப் பின் கொடுத்தார்கள். மகன் வீட்டுக்குப் போனவர் மாத்திரை டப்பாவை மறந்துவிட, இரண்டாம் நாள் நெஞ்சு படபடவென்று அடிக்க ஆரம்பித்தது. இவ்வகையைத் திடீரென்று நிறுத்தக் கூடாது. அவருக்குச் சர்க்கரையும் உண்டு. சர்க்கரை இறங்கும்போது வரும் படபடப்பை இம்மருந்து மறைத்துவிடும் என்பதால், வியர்வையைக் கவனிக்கச் சொல்லியிருக்கிறார்கள்.

இப்போது எனக்கு டெல்மிசார்ட்டான் 40, சில்னிடிபின் 10. சில்னிடிபினும் கால்சிய வழியை அடைப்பதுதான். ஆனால் நரம்பு முனைகளிலும் வேலை செய்து சிரைகளையும் தளர்த்துவதால் வீக்கம் குறைவு. காலையில் ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார்ந்து வீட்டிலேயே அளக்கிறேன். 130/80 சுற்றியே நிற்கிறது. மாலையில் செருப்பைக் கழற்றினால் வார்த் தடம் இன்னும் விழுகிறது. கால் கழுவிவிட்டு உள்ளே வருவதற்குள் மறைந்துவிடுகிறது.