ஹைட்ராலிக் ஜாக்கா, எலெக்ட்ரிக் ஜாக்கா: மக்கர் பண்ணினால் எது தேவலை?

மோட்டார்ஹோமை, அதாவது வீடு போல வசதியுள்ள வண்டியை, சமன்படுத்தும் ஜாக்கில் பழுது பார்ப்பதை மட்டும் வைத்துச் சொன்னால் என் ஓட்டு ஆயில் அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக்குக்குத்தான், ஏனென்றால் அதில் பாதிப் பிரச்சினை கண்ணுக்கே தெரியும்.

ஹைட்ராலிக்கில் ஜாக்கின் கால் இறங்கவில்லையா, முதலில் பேட்டரியைப் பாருங்கள், பம்ப் மோட்டார் இழுக்கும் கரண்ட் அதிகம், 12 வோல்ட்டுக்குக் கீழே போனாலே முனக ஆரம்பித்துவிடும். அப்புறம் ஆயில். எல்லாக் கால்களையும் முழுக்க ஏற்றிவிட்டுத்தான் அளவு பார்க்க வேண்டும், இறக்கி வைத்தபடியே நிரப்பினால் பிறகு ஏற்றும்போது டேங்க் வழிந்துவிடும். கால் மெதுவாக ஏறுகிறதா, தண்டில் ஒட்டியிருக்கும் சேற்றைத் துணியால் துடைத்து சிலிக்கான் ஸ்ப்ரே அடியுங்கள், அதற்கும் மசியவில்லை என்றால் காலை மேலே இழுக்கும் ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம். வெளியே ஒரு சொட்டு ஒழுகாமல் வண்டி மட்டும் ராத்திரியில் சாய்ந்தால் ஆயிலைத் தடுத்து நிறுத்தும் வால்வைச் சந்தேகப்படுங்கள் (குளிரில் ஆயில் சுருங்கியும் கொஞ்சம் இறங்கும், அது பழுதில்லை).

எலெக்ட்ரிக்கில் ஆயில் தொல்லையே கிடையாது, மோட்டார் போனாலும் பல மாடல்களில் கையால் சுற்றி ஏற்றிவிடலாம், அது பெரிய நிம்மதி. ஆனால் உள்ளே கியர் தேய்ந்தால் வெளியிலிருந்து ஒன்றும் புலப்படாது, கழற்றித்தான் ஆக வேண்டும்.

எந்த வகையானாலும் சரி, ஜாக்கை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகவே போகாதீர்கள்.